சாவி இல்லாத பழைய கம்ப்யூட்டர் கேபினட்: தேடுவதா, வெட்டுவதா, பூட்டையே மாற்றுவதா?

பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்து சேர்கிறது. ஆள் உயர ரேக்காக இருக்கலாம், மேசைமேல் உட்காரும் தகரப் பெட்டியாகவும் இருக்கலாம். கேபிள் இருக்கிறது, கையேடு இருக்கிறது, சில நேரம் டேப் டிரைவ் கூட இருக்கிறது. சாவி மட்டும் இல்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டு எடுக்கிற முடிவுதான் பின்னால் நெடுநாள் உறுத்துகிறது. நான் வாங்கிய ஏடி வகைப் பெட்டி (ஐபிஎம் பிசி ஏடி-யின் அமைப்பில் வந்த பழைய பர்சனல் கம்ப்யூட்டர்) ஒன்றின் பூட்டை முதல் நாளே டிரில் போட்டுத் திறந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து, அதோடு வந்த காகிதக் கட்டைப் பிரித்தபோது ஒரு சிறிய உறைக்குள் இரண்டு சாவிகளும் கம்பியில் கோத்தபடி கிடந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அந்தப் பெட்டியின் முகப்பில் இன்றும் ஓர் ஓட்டை இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். செய்ததைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிற வழிகள் முதலில், முடியாதவை கடைசியில். செலவு, நேரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோடுதான் எடை போடுகிறேன். ஆனால் எல்லாப் பூட்டுக்கும் விடை ஒன்றல்ல. அந்தப் பூட்டு என்ன வேலைக்காக அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கதவுப் பூட்டா, கட்டுப்பாட்டுப் பூட்டா?

சாவித் துளை இருக்கிறது என்பதற்காக எல்லாமே கதவைப் பூட்டும் பூட்டு என்று நினைக்கக் கூடாது. பழைய மினி கம்ப்யூட்டர்களில் முகப்புப் பலகையில் இருக்கும் சாவி பெரும்பாலும் ஒரு ஸ்விட்ச். டெக் (டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பிடிபி-11 மினி கம்ப்யூட்டர் வரிசையில் பல மாடல்களில் அதற்கு மூன்று நிலைகள்: ஆஃப், பவர், லாக். லாக் நிலையில் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், முகப்பில் உள்ள கட்டுப்பாட்டு ஸ்விட்சுகள் மட்டும் வேலை செய்யாது. யாராவது போகிற போக்கில் கை பட்டு, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

ஐபிஎம் ஆர்எஸ்/6000 எந்திரங்களின் சாவியும் இப்படித்தான். நார்மல், செக்யூர், சர்வீஸ் என்று மூன்று நிலைகள். செக்யூர் நிலையில் சாவி உருவப்பட்ட எந்திரத்தை ஓட வைக்கப் பார்த்தால் சிறு திரையில் 200 என்ற எண் வந்து அப்படியே நின்றுவிடும். அந்த எண்ணைப் பார்த்துப் போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. அதே ஐபிஎம்மின் ஏஎஸ்/400-இல் மேனுவல், நார்மல், ஆட்டோ, செக்யூர் என்று நான்கு. சன் மைக்ரோசிஸ்டம்ஸின் எண்டர்பிரைஸ் சர்வர்களில் லாக் நிலைக்குத் திருப்பினால் முகப்பில் இருக்கும் பவர் பொத்தானும் செயலிழக்கும். இந்த எந்திரங்களில் சாவியும் ஓர் உதிரிப் பாகம்தான். அது இல்லாவிட்டால் எந்திரம் முழுமையாக இல்லை.

1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் சாவி இரண்டு வேலை செய்யும். பெட்டியின் மூடியைக் கழற்ற விடாமல் பிடித்துக்கொள்ளும், கீபோர்டையும் முடக்கும். பூட்டியிருக்கும்போது ஆன் செய்தால் 302 என்ற பிழை எண் வரும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் சாவி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

மீதி எல்லாம் வெறும் கதவுப் பூட்டு. அதிலும் ஒரு விஷயம்: சாவியே தேவைப்படாத கதவுகள் நிறைய. டெக் ரேக்குகள் பலவற்றில் கதவின் தாழை ஆலன் கீயால் (அறுகோணக் கம்பிச் சாவி) கால் சுற்று திருப்பினால் போதும். தொழிற்சாலை வகைக் கேபினட்டுகளில் சதுரம், முக்கோணம், அல்லது நடுவில் ஒரு தண்டும் இருபுறமும் பல்லும் வைத்த துளை இருக்கும். அதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நாலுபக்கச் சாவி போதும். டார்ச் அடித்து ஒரு முறை துளைக்குள் பாருங்கள். பூட்டுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

எண் தெரிந்தால் வேறு எதுவும் வேண்டாம்

எனக்கு மிகவும் பிடித்த வழி, எண்ணை வைத்துப் புதுச் சாவி வெட்டிக்கொள்வது. இது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு டெக் நிறுவனமே உதாரணம்.

பிடிபி-8, பிடிபி-11 எந்திரங்கள் பலவற்றின் முகப்பில் இருப்பது குழாய்ச் சாவிப் பூட்டு. சாவியின் நுனி சிறு குழாய் போல வட்டமாக இருக்கும். அந்த வட்டத்தின் விளிம்பில் ஏழு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் எட்டு ஆழங்களில் ஒன்று. கணக்குப் போட்டால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் வரும். அத்தனை வாய்ப்பு இருந்தும் டெக் பெரும்பாலும் ஒரே சாவியைத்தான் பயன்படுத்தியது. அதன் எண் எக்ஸ்எக்ஸ்2247. பழுது பார்க்கப் போகும் எஞ்சினியர் எந்த வாடிக்கையாளரிடம் போனாலும் பாக்கெட்டில் ஒரு சாவி இருந்தால் போதும் என்பதுதான் காரணம். திருடனைத் தடுக்க வைத்த பூட்டு இல்லை என்பதால் அன்று அது யாருக்கும் குறையாகப் படவில்லை. இன்று நமக்கு அதுவே வரம். எண் ஒன்று தெரிந்தால் உலகில் எங்கே இருந்தாலும் அதே சாவியை வெட்டிக்கொள்ளலாம்.

ரேக் கதவுகளிலும் இதே கதைதான். ரிட்டல் என்ற கம்பெனியின் கேபினட்டுகளில் 3524 ஈ என்ற எண் திரும்பத் திரும்ப வரும். தொழிற்சாலைப் பெட்டிகளில் 333 வரும். சிறிய தட்டைச் சாவிப் பூட்டுகளில் சிஹெச்751 எவ்வளவு பரவலானது என்றால், கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத அலமாரிகளிலும் அதைப் பார்க்கலாம். எண்ணைத் தேட வேண்டிய இடங்கள்: பூட்டின் முகம், கதவைத் திறக்க முடிந்தால் பூட்டின் பின்பக்கம், பழைய காகிதங்கள், கையேட்டின் உள் அட்டை. சாவியை டேப் போட்டுப் பின் தகட்டில் ஒட்டி வைக்கும் பழக்கமும் பல அலுவலகங்களில் இருந்தது. எந்திரத்தைச் சுற்றிலும், அடியிலும் கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

சாவி கையில் இருந்து அதன் எண்ணைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு குழப்பம் வரும். சாவியின் தலையில் இரண்டு மூன்று எண்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று வெட்டாத மூலச் சாவியின் மாடல் எண். அந்த வகைச் சாவிகள் எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கும், அதை வைத்து எதையும் திறக்க முடியாது. நமக்கு வேண்டியது சாவிக்குச் சாவி மாறும் எண். அதிலும் இரண்டு வகை. சிலவற்றில் எண்ணே வெட்டின் ஆழத்தைச் சொல்லிவிடும். எக்ஸ்எக்ஸ்2247 போன்றவற்றில் எண் வெறும் அடையாளம்தான், ஆழங்களைப் பூட்டுக்காரரின் அட்டவணையில் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே சாவி இருப்பவர்கள்கூட எண்ணை வைத்து வெட்டுவதே மேல் என்பேன். பழைய சாவியைப் பார்த்து நகல் எடுத்தால், நாற்பது வருடத் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுக்கிறோம். குழாய்ச் சாவியில் ஓர் ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான். நகலின் நகல் என்று போய்க்கொண்டே இருந்தால் மூன்றாவது கையில் சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. எண்ணை வைத்து வெட்டியது, அந்தப் பூட்டு தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த அளவுக்குத் திரும்பிப் போகிறது.

குழாய்ச் சாவியின் வெட்டுகளைப் பிறருக்கு எழுதி அனுப்பும்போது, எந்தப் பக்கம் பார்த்துப் படித்தீர்கள் என்றும் எழுதுங்கள். நுனி உங்களைப் பார்க்கிறதா, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனை மேலே இருக்கிறதா, கடிகார முள் போகும் திசையிலா எதிர்த் திசையிலா என்பதெல்லாம் வேண்டும். இது இல்லாமல் ஏழு எண்களை மட்டும் அனுப்பினால் எதிர் வரிசையில் வெட்டப்பட்ட சாவி வந்து சேரலாம். வட்டத்தின் வெளி விட்டம், உள் விட்டம் இரண்டையும் வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். வெட்டுகள் நடுவில் இல்லாமல் சற்றே இடமாகவோ வலமாகவோ நகர்ந்திருக்கும் வகையும் உண்டு. போட்டோ ஒன்று சேர்த்து அனுப்பிவிட்டால் அந்தச் சந்தேகமும் தீரும்.

ஏடி காலத்து மலிவுப் பெட்டிகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவற்றின் குழாய்ச் சாவிகளில் உண்மையான வெட்டுகள் குறைவு. ஒரு கம்பெனிப் பெட்டியின் சாவி இன்னொரு கம்பெனிப் பெட்டியைத் திறப்பது சாதாரணம். இதே சேகரிப்பு உள்ள நண்பரிடம் ஐந்தாறு சாவிகளைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே போதும்.

எண் எங்கேயும் இல்லை என்றால்

அடுத்த வழி பூட்டிலிருந்தே சாவியைக் கண்டுபிடிப்பது. கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆனால் பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போகலாம். பூட்டியிருக்கும் கதவின் பின்னால் எப்படிக் கை போகும் என்ற கேள்வி வரும். ரேக்குகளில் பக்கத் தகடுகள் பெரும்பாலும் திருகாணியில்தான் நிற்கும், சிலவற்றைத் தூக்கினாலே கழன்றுவிடும். மேல் தகடும் அப்படியே. ஒரு பக்கம் திறந்துவிட்டால் பூட்டின் பின்னால் உள்ள நட்டையோ பிடிப்புத் தகட்டையோ எடுத்துவிட்டுப் பூட்டை முழுசாக உருவிவிடலாம்.

தட்டைச் சாவிப் பூட்டு என்றால் பூட்டுக்காரர் உள்ளே இருக்கும் தகடுகளைப் படித்தே சாவி வெட்டிவிடுவார். குழாய்ப் பூட்டுக்குத் தனிக் கருவி ஒன்று இருக்கிறது. அதன் ஏழு மெல்லிய கம்பிகள், பூட்டுக்குள் சாவி வெட்டுகளுக்கு எதிரே நிற்கும் ஏழு ஊசிகளின் மேல் உட்கார்ந்து, பூட்டு திறந்த நிலையில் அந்த ஆழங்களை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே எடுத்து அளந்தால் சாவியின் வெட்டுகள் கிடைத்துவிடும். பூட்டு திறந்ததும் ஆயிற்று, இனிமேல் எப்போதும் திறக்கச் சாவியும் ஆயிற்று. பழகிய கை செய்தால் பூட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. எண்ணை வைத்து வெட்டுவதைவிடச் செலவு கூட, ஆனால் பூட்டு பிழைக்கிறது. எனக்கு அது போதும்.

இதே வேலையை நாமே செய்து பார்க்கலாமே என்று தோன்றும். 2004-இல் குழாய்ப் பூட்டு போட்ட சைக்கிள் பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறந்து காட்டிய செய்தி உலகமெங்கும் பரவியது. அதை நினைத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டர் பூட்டில் பேனாவைத் திணிக்காதீர்கள். குழாய்ப் பூட்டில் ஒரு சங்கடம் உண்டு. ஏழு ஊசிகளும் வட்டமாக நிற்பதால், ஏழில் ஒரு பங்கு திரும்பியதும் ஒவ்வோர் ஊசிக்கும் எதிரே அடுத்த துளை வந்து நிற்கும். ஊசிகளைப் பிடித்து வைக்காத கருவி என்றால் அந்த இடத்தில் மறுபடியும் பூட்டிக்கொள்ளும். பாதி திரும்பி நின்றுபோன பூட்டில், பின்னால் சரியான சாவி கிடைத்தால்கூட உள்ளே போகாது. பழகிப் பார்க்க ஆசை இருந்தால் தனியாகப் பூட்டு ஒன்று வாங்கிப் பழகுங்கள். அரிய எந்திரத்தின் மேல் வேண்டாம்.

3டி பிரிண்டரில் சாவி அச்சடிப்பது பற்றியும் கேட்கிறார்கள். அளவு சரியா என்று போட்டுப் பார்க்க அது நல்ல வழி. உலோகத்தில் வெட்டக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி என்ற அளவில் எனக்குச் சம்மதம். தினமும் திருப்புகிற சாவியாக வேண்டாம். இறுகிப்போன பூட்டில் பிளாஸ்டிக் முறிந்தால், குழாய் வடிவத் துண்டை அந்தக் குறுகிய பள்ளத்திலிருந்து எடுப்பது பெரும் பாடு.

ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

கட்டுப்பாட்டுப் பூட்டு உள்ள எந்திரத்தில் பலர் செய்வது இது: சாவியை மறந்துவிட்டு, ஸ்விட்சின் பின்னால் போகும் ஒயர்களை நேராக இணைத்துவிடுவது. ஏடி வகையில் இது மிகச் சுலபம். அங்கே பூட்டும்போது சுற்று இணைந்து கீபோர்டை முடக்குகிறது. மதர்போர்டிலிருந்து அந்தச் சிறு கனெக்டரை உருவினால் கீபோர்டு உயிர் பெற்றுவிடும். மூடியைத் திறக்க முடிந்தால் ஒரு நிமிட வேலை, எந்தச் சேதமும் இல்லை.

பெரிய எந்திரங்களில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. அந்தச் சாவி ஸ்விட்ச் எந்த மின்னழுத்தத்தைக் கையாள்கிறது என்று சுற்று வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். மெயின்ஸ் மின்சாரமே அதன் வழியாகப் போகும் வாய்ப்பை முதலில் விலக்குங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஒயரைத் தொடுங்கள். செய்தால், அந்த இணைப்பில் ஒரு சீட்டுக் கட்டி, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும். எந்திரம் ஓடுகிறதா என்று பார்க்க இது நல்ல தற்காலிக வழி. நிரந்தரமாக விட்டால் சாவி தேடும் எண்ணமே போய்விடுகிறது. அடுத்து அந்த எந்திரம் யார் கைக்குப் போகிறதோ அவருக்கு அது ஒரு புதிராகிவிடும்.

பூட்டையே மாற்றுவது

இதை ஒரேயடியாக மறுப்பவன் இல்லை நான். சாதாரண ரேக் கதவில், எந்த அடையாளமும் இல்லாத பொதுவான பூட்டு இருக்கிறது, உள்ளே உலோகம் வெடித்துவிட்டது என்றால் மாற்றுவதே சரி. துத்தநாக வார்ப்புப் பூட்டுகள் பழசாகி நொறுங்கும்போது அவற்றைக் காப்பாற்ற வழியில்லை. நாலைந்து ரேக் வைத்திருப்பவர் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வேண்டும் என்று மாற்றினாலும் புரிந்துகொள்கிறேன். கழற்றிய பூட்டைத் தூக்கிப் போடாமல் பொட்டலம் கட்டி அந்தக் கேபினட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் பாதிக் குற்றம் குறைகிறது.

மாற்றுவதற்கு முன்னால் துளையின் விட்டம், துளையின் ஓரம் எந்தப் பக்கம் தட்டையாக இருக்கிறது, பூட்டின் நீளம், நாக்கின் (பூட்டோடு திரும்பிக் கதவைப் பிடிக்கும் தகடு) நீளமும் வளைவும், சாவி 90 டிகிரி திரும்புகிறதா 180 டிகிரியா எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். நாக்கு பொருந்தவில்லை என்றால் பழைய நாக்கையே புதுப் பூட்டில் மாட்ட முயலலாம். கேபினட்டின் துளையை மட்டும் அரத்தால் பெரிசாக்காதீர்கள். அதைச் செய்துவிட்டால் பழைய பூட்டு திரும்ப உட்காராது. இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வீண்.

கட்டுப்பாட்டுப் பூட்டை மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் சாவி எந்த நிலைகளில் உருவ வரும், எந்த நிலையில் வராது என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி. பின்னால் இருக்கும் ஸ்விட்சின் கோணமும் அதோடு கோத்தது. கடையில் கிடைக்கும் குழாய்ப் பூட்டு துளைக்குப் பொருந்தும், வேலைக்குப் பொருந்தாது.

டிரில்

பெட்டிக்குள்ளே அவசரமாக எடுக்க வேண்டியது இருக்கிறது, உதாரணமாகக் கசிந்துகொண்டிருக்கும் பேட்டரி, வேறு எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் மட்டும் இது. பூட்டு போவதைவிடப் பெரிய ஆபத்து உலோகத் தூள். பிடிபி காலத்து எந்திரங்களில் சுற்றுப் பலகைகள் செருகும் பின்பலகையில் ஆயிரக்கணக்கான ஊசிகள் நெருக்கமாக நிற்கும், அவற்றில் ஒயர் சுற்றியிருக்கும். டிரில் போடும்போது உதிரும் ஒரு சுருள் அவற்றின் நடுவில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. மின்சாரம் கொடுத்த பிறகுதான் தெரியும். நாற்பது ஐம்பது வருடம் பிழைத்து வந்த எந்திரத்தை ஒரு பூட்டுக்காக இழக்கிற ஆபத்து அது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

டெக் போலப் பொது எண் தெரிந்த எந்திரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், எண்ணை வைத்து இரண்டு சாவி வெட்டிக்கொள்வேன். எண் தெரியாத, ஆனால் அரிய எந்திரம் என்றால் எவ்வளவு செலவானாலும் பூட்டைக் கழற்றிப் பூட்டுக்காரரிடம் கொடுத்துச் சாவி கண்டுபிடிக்கச் சொல்வேன். அதுவரை ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் ஒயர் இணைப்பு, சீட்டோடு. மலிவு ஏடி பெட்டிக்கு நண்பர்களின் சாவிக்கொத்து. வெறும் ரேக் கதவுக்கு முதலில் பரவலான எண்களில் இரண்டு மூன்று சாவி போட்டுப் பார்ப்பேன், கிடைக்காவிட்டால் பூட்டை மாற்றுவேன். இதில் எனக்குத் தயக்கம் வருவது ஒரே இடத்தில்தான்: பூட்டு சுமாரானது, பூட்டுக்காரரின் கூலி அதிகம், எந்திரமோ நூற்றுக்கணக்கில் இன்னும் கிடைக்கிறது. அப்போது மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன், பழையதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு.

எந்த வழியானாலும் எந்திரம் உங்களுடையது என்பதற்கான ரசீதையோ கடிதத்தையோ எடுத்துக்கொண்டு போங்கள். நகல் எடுக்கக் கூடாது என்று பொறித்த சாவிகள் உண்டு. பூட்டுக்காரர் தயங்கினால் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம்.

எந்திரம் இல்லை, சாவி மட்டும் இருக்கிறது

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. மூடிய அலுவலகத்திலிருந்தோ ஓய்வு பெற்ற எஞ்சினியரின் மேசையிலிருந்தோ ஒரு சாவிக்கொத்து கிடைக்கிறது. எதற்கு எது என்று தெரியாது. இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், கொத்தையும் உடனே பிரிக்காதீர்கள். ஒரே வளையத்தில் எவை சேர்ந்திருந்தன என்பதே ஒரு தடயம். குழாய்ச் சாவி ஒன்றும் ஆலன் கீ ஒன்றும் சேர்ந்து இருந்தால், முகப்புப் பலகையும் பின்கதவும் ஒரே எந்திரத்தினுடையவை என்று ஊகிக்கலாம். முதலில் கொத்தாகவே இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து.

அடையாளம் காணும்போது ஒரு வேறுபாட்டை விடாமல் எழுதி வைக்க வேண்டும்: இந்தச் சாவி இதைத் திறக்கிறது என்பது ஒன்று, இந்தச் சாவி இதனுடையது என்பது வேறு. தட்டைச் சாவிப் பூட்டுகள் தேய்ந்தவுடன் சம்பந்தமில்லாத சாவிக்கும் திறக்கும். திறந்துவிட்டதே என்று எழுதிவிட்டால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் அதை மூலச் சாவி என்று நம்பி அதையே நகல் எடுப்பார். எண், எழுத்து முத்திரை, வெட்டுகள் மூன்றும் பூட்டோடு பொருந்தினால் மட்டும் "இதனுடையது" என்று எழுதுகிறேன். மற்றவை எல்லாம் "திறக்கிறது". சந்தேகச் சாவியைப் போட்டுப் பார்க்கும்போது விரல் நுனி அழுத்தம் போதும், இறுகினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இறுகிய பூட்டுக்குக் கிராஃபைட் தூள் ஊதச் சொல்வார்கள். கதவுப் பூட்டுக்கு அது நல்லதுதான், ஆனால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். சுற்றுப் பலகைகளுக்கு மேலே இருக்கும் பூட்டில் அதை ஊதக் கூடாது. எண்ணெய் விட்டால் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த டெஃப்லான் வகை மசகைத் தனியாகச் சாவியில் தடவி, இரண்டு முறை உள்ளே விட்டு எடுப்பது எனக்குச் சரியாக வருகிறது.

சாவியை எந்திரத்தோடு வைப்பதா, தனியாக வைப்பதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. எந்திரத்தோடு இருந்தால் பிரியாது. ஆனால் பூட்டிலேயே செருகி விட்டால் எந்திரத்தை நகர்த்தும்போது ஏதாவது இடித்துச் சாவி வளையும், குழாய்ப் பூட்டின் நடுத் தண்டும் முறியலாம். உள்ளே தொங்கவிட்டால் கதவு சாத்திப் பூட்டிக்கொள்ளும் ஒரு நாள் வரும். தனியாக வைத்தால் இந்த ஆபத்துகள் இல்லை, ஆனால் எந்திரம் கை மாறும்போது சாவி பின்தங்கிவிடும். சாவி இல்லாத எந்திரங்கள் இத்தனை இருப்பதற்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நான் பிரித்து வைக்கிறேன்: வெட்டிய நகல் எந்திரத்தின் வெளிப்புறம், பின்பக்கம் ஒரு கொக்கியில். மூலச் சாவி தனி உறையில், எந்திரத்தின் காகிதங்களோடு. தினசரி உபயோகத்துக்கு மூலச் சாவியைத் தொடுவதே இல்லை.

உறை விஷயத்தில் சின்னக் கவனம் வேண்டும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, பித்தளைச் சாவியில் சுற்றி வைத்தால் கறுத்த கோடு விழும். மென்மையான பிவிசி பைகள் காலப்போக்கில் பிசுபிசுக்கும். பாலிஎத்திலீன் ஜிப் பை நல்லது. அட்டை வில்லை இருந்தால், அது கிழிந்திருந்தாலும், சாவியோடேயே இருக்கட்டும். அதில் கையால் எழுதிய அறை எண் கூட ஒருநாள் உதவும். பளபளக்கத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள், எண்கள் ஆழமில்லாமல் பொறிக்கப்பட்டிருக்கும், பாலிஷில் முதலில் போவது அவைதான்.

உறையின் உள்ளே ஒரு சீட்டு வைக்கிறேன். எந்திரத்தின் மாடல், வரிசை எண், சாவி எண், வெட்டுகள், படித்த திசை, "இதனுடையது" அல்லது "திறக்கிறது", நகல் வெட்டிய தேதி, எதை வைத்து வெட்டியது. அடையாளம் தெரியாத சாவிகளுக்கும் இதே சீட்டுதான், தெரிந்த கட்டங்களை மட்டும் நிரப்பி. இப்போது என்னிடம் அப்படிப் பதினொரு உறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் குழாய்ச் சாவியோடு, மூலை தேய்ந்த ஆலன் கீ ஒன்றும் அதே வளையத்தில் இருக்கிறது. அந்த உறையில் எந்திரத்தின் பெயருக்கான கட்டத்தைப் பென்சிலால்கூட நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.